நகரும் ஊர், ஊரும் நகரம்

வங்கதேசத்தின் வடமேற்கில் ரங்பூர் பகுதி இருக்கிறது. நெல் நட்டு முடித்து அறுவடைக்குக் காத்திருக்கும் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கே வயலில் வேலை இருக்காது. நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் மூன்று வேளையை இரண்டாக்கும், அப்புறம் ஒன்றாக்கும். இந்தப் பஞ்சகாலத்துக்கு ‘மொங்கா’ என்று தனிப் பெயரே உண்டு. அதே மாதங்களில் டாக்காவில் ரிக்‌ஷா மிதிக்க ஆள் வேண்டும், கட்டட வேலைக்கு ஆள் வேண்டும். பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படியும் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் யாரையும் அனுப்பாமல் ஊரிலேயே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தன.

2008-இல் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அங்கே போனார்கள். வீட்டிலிருந்து ஒருவர் வெளியூர் வேலைக்குப் போவதாக இருந்தால் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று, குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குச் சுமார் எட்டரை டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறு தொகையாலேயே 22 சதவீதக் குடும்பங்கள் கூடுதலாக ஆள் அனுப்பின. வீட்டில் சாப்பாடு கூடியது. அடுத்த வருடம் யாரும் காசு கொடுக்கவில்லை. அப்போதும் அவர்களில் ஒரு பகுதியினர் தாமாகவே மறுபடி போனார்கள். இதே திட்டத்தை 2017-இல் மிகப் பெரிய அளவில் விரித்தபோது அந்தப் பலன் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முதல் சோதனை காட்டிய விஷயம் முக்கியமானது. ஏழ்மை ஒருவரை நகரத்துக்குத் தள்ளுகிறது என்கிறோம். பல நேரம் அதே ஏழ்மைதான் அவரைக் கிளம்பவிடாமல் ஊரில் கட்டிப்போடுகிறது. கையிலிருக்கும் கடைசிக் காசையும் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு, போன இடத்தில் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

வளரும் நாடுகளின் நகரமயமாதல் என்றதும் நம் மனதில் ஒரே படம்தான் ஓடுகிறது. மழை பொய்த்தது, நிலம் கைவிட்டுப் போனது, மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் நகரத்து பஸ் நிலையத்தில் வந்து இறங்கியது. படம் பொய்யில்லை. ஆனால் நகரங்கள் பெருத்த கதையில் அது பாதிகூடத் தேறாது.

பங்கு வேறு, பெருக்கம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நகரத்தில் மக்கள் பெருகுவதும் நாடு நகரமயமாவதும் ஒன்றில்லை. கிராமத்திலும் நகரத்திலும் மக்கள் ஒரே வேகத்தில் பெருகினால் நகரங்கள் வீங்கும், நெரிசல் கூடும், தண்ணீர் போதாது. ஆனால் மொத்த மக்களில் நகரவாசிகளின் பங்கு அப்படியேதான் இருக்கும். அந்தப் பங்கு கூடுவதைத்தான் நகரமயமாதல் என்கிறார்கள். நகரத்தில் நாம் கண்ணால் பார்க்கும் நெரிசல் பெரும்பாலும் முதல் வகை.

ஐ.நா. கணக்குப்படி 1950-இல் உலகம் முழுவதும் சுமார் 75 கோடிப் பேர் நகரங்களில் வாழ்ந்தார்கள். 2018-இல் 420 கோடி. வளரும் நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 1950-இல் நூற்றில் 18 பேர் நகரவாசிகள், 2018-இல் பாதிப்பேர். இந்தச் சராசரிக்குள் ஏகப்பட்ட வித்தியாசம். லத்தீன் அமெரிக்கா 80 சதவீதத்தைத் தாண்டி ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஆசியா அந்த ஆண்டில் 50, ஆப்பிரிக்கா 43. பிரேசிலில் முடிந்துபோன கதை எத்தியோப்பியாவில் இப்போதுதான் சூடுபிடிக்கிறது. இரண்டையும் ‘வளரும் நாடுகள்’ என்று ஒரே கூடையில் போடுவது வசதிக்காகத்தான்.

இந்த வேகம் வரலாறு காணாதது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பங்கின் அளவில் பார்த்தால் அது சரியில்லை. இன்றைய பணக்கார நாடுகளில் 1875-க்கும் 1900-க்கும் இடையில் நகரவாசிகளின் பங்கு 17 சதவீதத்திலிருந்து 26 சதவீதமானது. வளரும் நாடுகளில் 1950-க்கும் 1975-க்கும் இடையில், அந்தக் காலத்துக் கணக்கீட்டின்படி, 17-லிருந்து 28. பெரிய வித்தியாசமில்லை. வரலாறு காணாதது தலை எண்ணிக்கை. அதற்குக் காரணம் தேட வேண்டுமானால் கிராமத்தை விட்டுவிட்டு நகரத்துப் பிரசவ அறைக்குப் போக வேண்டும்.

ஆளைத் தின்ற நகரம்

18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லண்டனில் பிறந்தவர்களைவிடச் செத்தவர்கள் அதிகம். அழுக்குத் தண்ணீர், அம்மை, காசநோய், பிறகு காலரா. கிராமத்திலிருந்து வருடா வருடம் புது ஆட்கள் வந்தால்தான் நகரம் இருந்த அளவிலாவது நிற்கும். நகரம் ஆளைத் தின்றுகொண்டே இருந்தது, கிராமம் அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரு தெருக் குழாயிலிருந்துதான் காலரா பரவுகிறது என்று ஜான் ஸ்னோ காட்டியது 1854-இல். அதற்கு முன்பே, 1851 கணக்கெடுப்பிலேயே, இங்கிலாந்தில் பாதிப்பேர் நகரவாசிகள். அதாவது அங்கே ஆலை வந்தது, நகரம் வந்தது, நல்ல தண்ணீரும் சாக்கடையும் கடைசியாக வந்தன.

வளரும் நாடுகளில் இந்த வரிசை தலைகீழானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தடுப்பூசி, பெனிசிலின், மலேரியாக் கொசுவுக்கு மருந்து, குளோரின் கலந்த குடிநீர் எல்லாம் சில வருடங்களுக்குள் வந்து இறங்கின. இவற்றுக்கு நாடு பணக்கார நாடாகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஊசியும் ஒரு நர்ஸும் போதும். முதலில் வந்தது நகரத்துக்குத்தான், ஆஸ்பத்திரி அங்கேதானே இருக்கிறது. ஆகவே நகரம் ஆளைத் தின்பதை நிறுத்தியது. அதற்கு மேல் இன்னொன்று: நகரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். நகரத்துப் பெண் கிராமத்துப் பெண்ணைவிடக் குறைவாகப் பிள்ளை பெற்றாலும், பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் நகரத்தில் அதிகம். இறப்பு குறைந்து பிறப்பு குறையாமல் இருந்தால் நகரம் தனக்குத்தானே பெருகும்.

எவ்வளவு? 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளரும் நாடுகளின் நகர வளர்ச்சியைப் பிரித்துப் பார்த்தவர்கள், சீனாவை ஒதுக்கிவிட்டால் ஏறத்தாழ 60 சதவீதம் நகரத்திலேயே பிறந்தவர்களால் வந்தது என்றார்கள். மீதி 40 சதவீதத்தில்தான் வந்து சேர்ந்தவர்களும், கிராமத்திலிருந்து நகரமாகப் பெயர் மாறிய ஊர்களும் அடக்கம்.

ஐரோப்பாவுக்கு இன்னொரு வடிகாலும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக 5 கோடிக்கு மேற்பட்ட ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்கும் மற்ற கண்டங்களுக்கும் கப்பலேறினார்கள். கிராமத்தில் பிழைப்பில்லாத அயர்லாந்துக்காரருக்கு டப்ளின் தவிர நியூயார்க்கும் இருந்தது. இன்றைக்கு ரங்பூர்க்காரருக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது. விசா கேட்காமல் உள்ளே விடும் பெரிய இடம் அவருக்குச் சொந்த நாட்டு நகரம்தான்.

கோடு நகர்ந்தால் ஊர் நகரமாகும்

ஊரை எப்போது நகரம் என்பது? டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் போதும். மெக்சிகோவில் 2,500. ஜப்பானில் நகர அந்தஸ்து பெற 50,000. இந்தியக் கணக்கெடுப்பு மூன்று நிபந்தனை வைக்கிறது: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலை செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்துக்கு வெளியே.

2001-இல் இந்த நிபந்தனைகளை நிறைவேற்றி, நகராட்சி அந்தஸ்து இல்லாமலே நகரமாக எண்ணப்பட்ட ஊர்கள் இந்தியாவில் 1,362. 2011-இல் 3,894. பத்தே வருடத்தில் இரண்டரை ஆயிரத்துக்கு மேல் கூடிவிட்டன. அந்தப் பத்தாண்டில் இந்திய நகர மக்கள் தொகை சுமார் 9 கோடி கூடியதே, அதில் ஏறக்குறைய 30 சதவீதம் இப்படிப் பெயர் மாறிய ஊர்களால் வந்தது. அந்த ஜனங்கள் எங்கேயும் போகவில்லை, மூட்டை கட்டவில்லை. இருந்த வீட்டிலேயே இருந்தார்கள். கூலி வயலிலிருந்து செங்கல் சூளைக்கும் கடைத்தெருவுக்கும் டிரைவர் சீட்டுக்கும் மாறியது, வயல் மனையானது, ஒரு நாள் கணக்கெடுப்பாளர் வந்து எழுதிக்கொண்டு போனதில் கிராமத்தார் நகரவாசி ஆனார்கள்.

இந்த ஊர்களின் நிலைமை விசித்திரமானது. கணக்கெடுப்பாளருக்கு அது நகரம், நிர்வாகத்துக்கு அது இன்னும் பஞ்சாயத்து. மூன்று மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன, சாக்கடைக்கு யார் பொறுப்பு என்பது தெரியாது. நகராட்சி ஆக்கச் சொல்லி எல்லா ஊரும் கேட்பதும் இல்லை. ஆக்கினால் வரி கூடும், கிராமத்துக்கென்று வரும் நிதி நிற்கும்.

புவியியலாளர் டெரி மெக்கீ இந்தோனேசியாவில் இதேபோன்ற இடங்களைப் பார்த்து ‘தெசாகோத்தா’ என்று பெயரிட்டார். ஒரு பக்கம் நாற்று நடுவார்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் தையல் தொழிற்சாலை ஓடும். அப்பா வயலில், மகள் தொழிற்சாலையில். தெசா என்றால் அந்த மொழியில் கிராமம், கோத்தா என்றால் நகரம். நம் காதுக்கு தேசம், கோட்டை என்று கேட்கிறதல்லவா? உறவுச் சொற்கள்தான்.

போவதா வேண்டாமா என்ற கணக்கு

சரி, வருகிறவர்களிடம் வருவோம். அவர்கள் பாதிக்குக் குறைவு என்பதால் அற்பமானவர்கள் ஆகிவிட மாட்டார்கள். நகரத்தின் பங்கு கூடுவதே அவர்களாலும் பெயர் மாறிய ஊர்களாலும்தான். இன்றைக்கு நகரத்தில் பிறக்கும் பிள்ளையின் தாத்தா பாட்டியும் பெரும்பாலும் ஒரு காலத்தில் எங்கிருந்தோ வந்தவர்களே.

கென்யா 1963 டிசம்பரில் சுதந்திரம் பெற்றது. அடுத்த வருடமே நைரோபியில் வேலையில்லாத் திண்டாட்டம் பெரிய தலைவலி. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. முதலாளிகளும் அரசும் கூடுதலாக ஆள் எடுப்பது, பதிலுக்குச் சங்கங்கள் கூலி உயர்வு கேட்காமலிருப்பது. காகிதத்தில் அருமையான யோசனை. நடந்தது என்ன? நைரோபியில் வேலை போட்டுக்கொடுக்கிறார்கள் என்ற செய்தி மலைக்கிராமம் வரை போனது. ஆட்கள் வந்து குவிந்தார்கள். வேலை தேடுவோர் வரிசை குறையவேயில்லை.

இதை வைத்து ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இருவர் 1970-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். கிராமத்தில் 100 கிடைக்கிறது, நகரத்தில் நிரந்தர வேலைக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலை கிடைக்க இரண்டில் ஒரு வாய்ப்புதான் என்றாலும், மனக்கணக்கில் நகரத்தின் மதிப்பு 150. போவதுதான் லாபம். ஆகவே நகரத்தில் வேலையில்லாதவர்கள் நிறைந்திருக்கும்போதும் மேலும் மேலும் ஆள் வருவது முட்டாள்தனமில்லை, அது ஒரு லாட்டரிச் சீட்டு. நகரத்தில் வேலையைக் கூட்டினால் சீட்டு விழும் வாய்ப்பு கூடுகிறது, வாங்குகிறவர்களும் கூடுகிறார்கள்.

அழகான விளக்கம்தான். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. வேலை கிடைக்கும்வரை அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? ஏழை நாட்டில் சும்மா இருக்க யாருக்கும் வசதியில்லை. கானாவின் அக்ரா நகரில் நிமா என்ற நெரிசலான குடியிருப்பில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் கீத் ஹார்ட், அங்கே ‘வேலையில்லாதவர்’ என்று எழுதப்பட்டவர்கள் காலை முதல் இரவு வரை ஏதாவது செய்துகொண்டிருப்பதைக் கண்டார். தெருவில் விற்பது, தைப்பது, வட்டிக்குக் கொடுப்பது, வாடகைக்கு ஆள் பிடித்துத் தருவது. நிரந்தரச் சம்பளக்காரரும் அந்தச் சம்பளத்தில் வாழ முடியாமல் பக்கத் தொழில் வைத்திருந்தார். 1970-களின் தொடக்கத்தில் ஹார்ட் இதை ‘முறைசாரா’ வருமானம் என்று அழைத்தார். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1972-இல் கென்யா பற்றிய அறிக்கையில் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. இன்று அது எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நகரத்துக்கு வருகிறவர் முதலில் நுழைவது இந்த உலகத்துக்குள். பலர் கடைசிவரை அதிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், கணக்குப் போடுவது தனி ஆள் இல்லை, குடும்பம். நான்கு பிள்ளைகளும் ஒரே வானத்தை நம்பியிருந்தால் ஒரு வருடம் மழை தவறினால் எல்லாம் போச்சு. ஒருவரை நகரத்துக்கு அனுப்பினால் அங்கே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஏதோ பணம் வரும். இது ஒருவகைக் காப்பீடு. முதல் ஆள் போவதுதான் கஷ்டம். அவர் போய் ஓர் அறையும் ஒரு மேஸ்திரியின் பழக்கமும் பிடித்துவிட்டால், அடுத்தவருக்கு ரங்பூர்க்காரரின் பயம் பாதியாகிவிடும். ஒரே கிராமத்தார் ஒரே தெருவில், ஒரே தொழிலில் குவிவது இதனால்தான்.

யார் போகிறார்கள் என்பதும் கண்டத்துக்குக் கண்டம் மாறுகிறது. காலனி ஆட்சியில் தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்க நகரங்களுக்கு ஆண்கள் மட்டும் வேண்டும், அதுவும் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவர் நகரத்துக்குள் நடமாட அனுமதிச் சீட்டு கட்டாயம். அந்தச் சட்டங்கள் 1986-இல்தான் ரத்தாயின. லத்தீன் அமெரிக்காவில் நேரெதிர்: நகரத்துக்குப் போனவர்களில் பெண்களே அதிகம், வீட்டு வேலை அவர்களுக்குத்தான் கிடைத்தது. வங்கதேசத்தில் பின்னலாடையும் தையலும் கிராமத்து இளம்பெண்களை வெளியே கொண்டுவந்தன.

அந்தத் தையல் தொழில் தொடங்கிய விதம், தொழில்கள் ஏன் ஒரே இடத்தில் அடைகின்றன என்பதற்கு நல்ல உதாரணம். சிட்டகாங்கில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற புதிய நிறுவனம், 1979-இல் 130 பேரைத் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டார்கள். சொந்தமாக ஆலை வைத்தார்கள், அல்லது வேறு ஆலைக்கு மேலாளராகப் போனார்கள். தேஷுக்கு நஷ்டம், நாட்டுக்கு ஒரு தொழில். கைவேலை தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் புது முதலாளி அங்கேதான் ஆலை வைப்பார். ஆலைகள் அங்கே இருந்தால் வேலை தேடுபவரும் அங்கேதான் வருவார். பட்டன் விற்பவர், மெஷின் பழுதுபார்ப்பவர், லாரிக்காரர் எல்லோரும் அதே வட்டத்தில். இந்தச் சுழல் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் எவ்வளவு நெரிசலானாலும், வாடகை எவ்வளவு ஏறினாலும் சீக்கிரத்தில் நிற்பதில்லை.

ஓடி வந்தவர்கள்

கணக்குப் போட நேரமில்லாமல் வந்தவர்களும் உண்டு. மொரித்தானியாவின் தலைநகர் நுவாக்‌ஷோட், 1958-இல் சகாராவின் ஓரத்தில், கடலுக்கும் மணலுக்கும் நடுவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய ஊர். சுமார் 15,000 பேருக்கு என்று வரைபடம் போட்டார்கள். 1970-களின் வறட்சியில், சகாராவுக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் சாஹேல் பகுதியின் மேய்ச்சல் நிலங்கள் காய்ந்தன, மந்தைகள் செத்தன. ஆடு மாடு ஒட்டகத்தோடு அலைந்து திரிந்த மக்கள் ஒரே இடத்தில் வந்து கூடாரம் அடித்தார்கள். நிவாரண உணவு வந்து இறங்கும் இடம் அது. இன்று அந்த ஊரில் 10 லட்சத்துக்கும் மேல் மக்கள். நாடோடிகளின் நாடு ஒரே தலைமுறையில் நகர நாடானது. மழை திரும்பியபோதும் பலர் திரும்பவில்லை. மந்தையை இழந்தவர் எதைக் கொண்டு திரும்புவார்?

போர் செய்வதும் இதுதான். 1941-இல் நான்கரை லட்சத்துக்கும் குறைவான பேர் இருந்த கராச்சி, பிரிவினைக்குப் பின் 1951-இல் 10 லட்சத்தைத் தாண்டியது. அங்கோலாவில் 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போர், பாதுகாப்பான இடம் தலைநகர் லுவாண்டா ஒன்றே என்றாக்கியது. கொலம்பியாவில் மோதல்களால் வீடிழந்தவர்கள் பல லட்சம். பெரும்பாலோர் நகரங்களின் விளிம்பில்தான் குடியேறினார்கள்.

ஆலை இல்லாத நகரம்

பாடப்புத்தகம் சொல்லும் வரிசை இது: விவசாயத்தில் விளைச்சல் கூடும், ஆள் மிச்சமாகும், ஆலை அவர்களை எடுத்துக்கொள்ளும், நகரம் வளரும். கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். தென்கொரியாவும் பிறகு சீனாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் போயின.

ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அப்படிப் போகவில்லை. விளைச்சலும் அவ்வளவாகக் கூடவில்லை, ஆலையும் வரவில்லை, நகரம் மட்டும் வந்தது. எங்கிருந்து வந்தது பணம்? காபோனில், அங்கோலாவில் எண்ணெயிலிருந்து. எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்ய ஆயிரக்கணக்கில் ஆள் தேவையில்லை. ஆனால் அந்தப் பணம் தலைநகரில் செலவாகிறது. அமைச்சகம், பாதுகாவலர், ஓட்டல், கார், இறக்குமதிச் சரக்கு. எண்ணெய்ப் பணம் இருப்பவருக்குச் சேவை செய்யப் பெரிய கூட்டம் திரள்கிறது. உற்பத்தி செய்யாமல் செலவழிக்கும் நகரம். காபோனில் பத்தில் ஒன்பது பேர் நகரவாசிகள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு மிகவும் செலவு பிடிக்கும் நகரங்களின் பட்டியலில் லுவாண்டா பலமுறை உலகிலேயே முதலிடத்தில் நின்றது. அதே நகரத்தில் தகரக் கூரைக் குடியிருப்புகள் மைல் கணக்கில் நீள்கின்றன.

அரசாங்கத்தின் கையும் இதில் உண்டு. காலனிக்காரர்கள் போட்ட ரயில் பாதைகள் ஊரை ஊரோடு இணைக்கவில்லை. சுரங்கத்தையும் தோட்டத்தையும் துறைமுகத்தோடு இணைத்தன. நைரோபியே 1899-இல் ஒரு ரயில்வே முகாமாகத் தொடங்கியதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசுகள் அந்த வரைபடத்தை மாற்றவில்லை. கானாவில் கொக்கோவை உலக விலையைவிடக் குறைத்து விவசாயியிடம் வாங்கி, வித்தியாசத்தை அரசு வைத்துக்கொண்டது. அந்தப் பணத்தில் அலுவலகமும் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் தலைநகரில் வந்தன. பொருளாதார நிபுணர் மைக்கேல் லிப்டன் இதை ‘நகரச் சார்பு’ என்றார். காரணம் ரொம்ப எளிது. கிராமத்து விவசாயி பட்டினி கிடந்தால் செய்தி வராது. தலைநகரில் ரொட்டி விலை ஏறினால் அன்று மாலையே கூட்டம் மாளிகை வாசலில் நிற்கும். சர்வாதிகார ஆட்சி நடக்கும் நாடுகளில் மிகப் பெரிய நகரம் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறது என்று ஆய்வுகள் சொல்வதில் ஆச்சரியமில்லை. சலுகை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்.

வருகிறவர்களுக்கு வீடு மட்டும் யாரும் கட்டவில்லை, அவர்களே கட்டிக்கொண்டார்கள். உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாக ஐ.நா. கணக்கு. ஆனால் இத்தகைய எண்களை நம்புவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நைரோபியின் கிபேராவில் 10 லட்சம் பேர் என்று பல வருடம் எல்லோரும் எழுதினார்கள். 2009 கணக்கெடுப்பு எண்ணியது 1,70,070. கணக்கெடுப்பு குறைத்து எண்ணியிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டுதான், ஆனாலும் ஆறு மடங்கு வித்தியாசம்! தொண்டு நிறுவனங்கள், நிருபர்கள், அரசியல்வாதிகள் எல்லோருக்கும் பெரிய எண் பிடித்திருந்தது. மெக்சிகோ நகரம் 2000-ஆம் ஆண்டில் 3 கோடியைத் தாண்டும் என்று 1970-களில் கணித்தார்கள். வந்தது சுமார் 1.8 கோடி. பிள்ளைப்பேறு குறைந்தது, ஆலைகள் வேறு ஊர்களுக்குப் போயின, கணிப்பு பொய்த்தது.

திரும்பும் வழி

நகரம் வளர்ந்துகொண்டே போகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. சாம்பியாவில் செம்பு விலை சரிந்து சுரங்கங்கள் நொடித்தபோது, 1980-இல் 40 சதவீதமாக இருந்த நகரப் பங்கு 2000-இல் 35 சதவீதமாக இறங்கியது. சுரங்க வேலை போனவர்கள் நிலம் தேடிக் கிராமத்துக்குப் போனார்கள். 2020-இல் இந்தியாவில் ஊரடங்கு அறிவித்த மறுநாளிலிருந்தே லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினார்களே, அப்போதுதான் நகரங்களுக்கே தெரிந்தது, தங்களுக்குள் எத்தனை பேர் ஒரு காலை ஊரில் வைத்தபடி வாழ்கிறார்கள் என்று. வாடகை கொடுக்கும் அறை இங்கே, ரேஷனும் ஓட்டும் அங்கே. பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகிறவர்களைப் பத்தாண்டுக் கணக்கெடுப்பு பிடிப்பதில்லை.

இப்படி ஒரு காலை வெளியே வைப்பதைச் சீனா சட்டமாகவே ஆக்கியது. 1958-இல் வந்த ஹுகோ என்ற குடும்பப் பதிவு முறை, கிராமத்தில் பிறந்தவரைக் கிராமத்தோடு கட்டியது. 1978-இல் சீர்திருத்தம் தொடங்கியபோது நகரவாசிகள் 18 சதவீதம். ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டதும் கதவைத் திறந்தார்கள், ஆனால் பதிவை மாற்றித் தரவில்லை. வேலை செய்யலாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது கஷ்டம். 2020-இல் சீனாவில் 64 சதவீதம் பேர் நகரங்களில் வாழ்ந்தார்கள். நகரப் பதிவு இருந்ததோ 45 சதவீதத்தினருக்கு. நடுவில் விழுந்தவர்கள் ஒரு பெரிய நாட்டின் மக்கள் தொகை அளவுக்கு வருவார்கள். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான ஷென்சென் 2020-இல் 1.75 கோடிப் பேரின் நகரம். அவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ப் பதிவுக்காரர்கள்.

சீனா அளவுக்குக் கெடுபிடி செய்ய முடியாத நாடுகளும் முயன்று பார்த்தன. 1970-இல் ஜகார்த்தாவின் ஆளுநர் அலி சாதிகின், நகரம் நிறைந்துவிட்டது, இனி வெளியூர்க்காரர்களுக்கு இடமில்லை என்று ஆணை போட்டார். வேலையும் வீடும் இருப்பதற்கு அத்தாட்சி காட்டினால்தான் குடியிருப்பு அட்டை. நிஜமாகவே வேலை இருந்தவர்கள், லஞ்சம் கொடுக்க முடிந்தவர்கள், அட்டை இல்லாமல் இருந்துகொண்டவர்கள் என்று ஆட்கள் வந்தபடிதான் இருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் எல்லைக்கு வெளியே, பெக்காசி, தாங்கராங், போகோர் பக்கம் வீடு பிடித்தார்கள். ஆலைகளும் அங்கே போயின. நெல்வயல்களுக்கு நடுவே இருந்த கிராமங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளுக்குள் மூழ்கின.

நிர்வாக எல்லைக்குள் ஜகார்த்தாவின் மக்கள் தொகை இன்றும் சுமார் 1.1 கோடிதான். ஆனால் 2025-இல் ஐ.நா. தன் கணக்கிடும் முறையை மாற்றியது. ஒவ்வொரு நாடும் போட்டுக்கொண்ட எல்லையை விட்டுவிட்டு, ஜன நெருக்கம் எதுவரை தொடர்கிறதோ அதுவரை நகரம் என்று வைத்தது. அந்தக் கணக்கில் டோக்கியோவைப் பின்னுக்குத் தள்ளி உலகின் மிகப் பெரிய நகரமாக வந்தது ஜகார்த்தா, சுமார் 4.2 கோடிப் பேரோடு. அவர்களில் மூன்று கோடிப் பேர் ஆளுநர் மூடிய கதவுக்கு வெளியே இருப்பவர்கள்.